எவரை முன்னோர் என்பது?

உலகத் தாவரவியல் நூல்களிலே மடுல்சீமைக்கு ஓர் இடம் உண்டு. கோப்பி இலையில் மஞ்சட் புள்ளியாகத் தோன்றி, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடியோடு அழித்த நோய், 1869ஆம் ஆண்டில் இத்தீவிலே முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது இம்மலைப் பகுதியிலேதான். அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு இங்கிலாந்து அறிஞர் இருவர் அதே ஆண்டில் 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' என இலத்தீனிலே பெயர் சூட்டினர். இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினர். வித்துகளின் வடிவத்தை விவரித்து நூல்களிற் பதித்தனர். அவ்விலைகளுக்கிடையே நடந்து பழம் பறித்தவர்களின் பெயர்களோ நாட்கூலிக் கணக்குக்காகத் தோட்டத்துச் செக்ரோலில் எழுதப்பட்டவை. கணக்கு முடிந்தபின் அவற்றைப் பேணவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. பூஞ்சணத்துக்கு வாய்த்த வரலாறு மனிதருக்கு வாய்க்கவில்லை என்று கூறுவது வெறுஞ் சொல்லலங்காரம் அன்று.

வரலாறு மறுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஒரு வரலாற்றைத் தேடுவது இயல்பே. தோட்டப் பாடசாலையிலே படிக்கும் பிள்ளைக்குப் பொதுவாக இரண்டு வரலாறுகள் வந்து சேருகின்றன. ஒன்று, கூலிக்காரரின் பேரப்பிள்ளைகள், வந்து இருநூறு ஆண்டுகூட ஆகாதவர்கள் என்பது. மற்றது, ஈழத்தை வென்ற இராசராசனின் வாரிசுகள், கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திரனின் வழிவந்தவர்கள் என்பது. முதலாவது பிள்ளையைக் கூனச் செய்கின்றது. இரண்டாவது நிமிரச் செய்கின்றது. ஆதலால் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் இரண்டாவதையே எடுத்துக் கொடுக்கின்றார். அவரது நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அவ்வாறு கொடுப்பது சரிதானா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. இது வரலாற்று வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். இறந்துபோனவர்களுள் எவரை நாம் முன்னோர் என்று அழைப்பது? இரத்த உறவு இதற்கு விடை தராது. ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எவருடைய இரத்தம் எவரிடத்து ஓடுகின்றதென எவரும் அறியார். இஃது ஒரு தெரிவு; தெரிவு என்ற வகையில் அதற்கு நாம் பொறுப்பாளிகள்.

இத்தெரிவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவேண்டிய நிலை இன்றில்லை. ஆரம்ப இடைக்காலம் என வரலாற்றாசிரியர் வழங்கும் காலப்பகுதி, அஃதாவது பல்லவர் எழுச்சி தொடக்கம் சோழப் பேரரசின் வீழ்ச்சி வரையிலான சில நூற்றாண்டுகள், கடந்த நூறாண்டுகளிலே மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நீலகண்ட சாஸ்திரியார் 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட சோழர் வரலாறு அதற்குப் பெரும் அடித்தளமிட்டது. அவர் எழுதியபோது நாட்டு விடுதலை இயக்கத்தின் பெருமிதம் காற்றிலே கலந்திருந்தது. அவருடைய பேரரசும் ஊராட்சியும் அப்பெருமிதத்தின் ஒளியிலேயே தோன்றின. பின்வந்தோர் அதே கல்வெட்டுகளை வேறு வினாக்களோடு அணுகினர். யப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு நிலவுடைமையின் மாற்றத்தை ஆராய்ந்தார். நம் நாட்டிலே பேராசிரியர் கைலாசபதி, 1966இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்ற நூலின் 'நாடும் நாயன்மாரும்' என்னும் கட்டுரையில், பக்தி இயக்கத்துக்குப் பின்னால் நிலவுடைமையாளருக்கும் வணிகருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைச் சுட்டினார். அக்கட்டுரையின் வரையறை சற்று மிகையான ஒழுங்குடையது என்பது என் கருத்து. காரைக்காலம்மையாரே வணிகர் குலத்தவர், பிற்கால வணிகக் கணங்கள் சிவாலயங்களுக்கு வாரி வழங்கின. எனினும் தேவாரத்தைக் கைகூப்பி மட்டுமே வாசித்துவந்த தலைமுறைக்கு, கைகூப்பியபடியே கண்ணையும் திறக்கலாம் எனக் காட்டியது அக்கட்டுரைதான்.

இவ்வாராய்ச்சிகளின் துணைகொண்டு நம் பாடநூற் பெருமைகளுள் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை கூறுகின்றன. தமிழன் அன்றே மக்களாட்சி கண்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாமெனப் பலர் கூறுவர். ஆனால் கல்வெட்டையே படித்தால், குடத்திலே பெயர் எழுதி இடப்படுவதற்குரிய தகுதிகள் தெளிவாகக் காணப்படுகின்றன: கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும், தன் மனையிலே கட்டிய வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். அச்சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. லயத்து அறையிலே பிறந்து, ஓர் அங்குல நிலமுமின்றி, தான் வாழும் கூரையும் தோட்டத்துக்கே உரியதாய் உள்ள ஒருவரின் பிள்ளைக்கு இக்குடவோலையை 'நமது மக்களாட்சி' என்று நாம் கற்பிக்கின்றோம். அப்பிள்ளையின் பாட்டனுடைய பெயர் அக்குடத்துள் ஒருபோதும் விழுந்திராது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் வழிவந்தவர்களுக்கு இதை விளக்கிக் கூறுதல் கடினமன்று. எவர் பெயர் குடத்துள் இல்லை என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

தஞ்சைப் பெருங்கோயிலுக்கு வருவோம். 1010ஆம் ஆண்டளவிலே நிறைவெய்திய அக்கோயிலின் சுவர்களில் இராசராசன் வெட்டுவித்த எழுத்துகள் உலகின் அரிய பொருளாதார ஆவணங்களுள் வைத்து எண்ணத்தக்கவை. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்கள், அவற்றின் அளவு, அவை அளக்கவேண்டிய நெல் யாவும் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டுள்ளன. வரிக்குரிய நிலத்தைக் கணக்கிடுமுன், வரி கொடாத நிலங்களைக் கழித்துவிடுகின்றனர். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அப்பட்டியல் நீளுகின்றது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே வருகின்றது. மாமன்னனின் கல்லில் உழைக்கும் மக்களின் குடியிருப்பு இடம்பெறும் விதம் இதுதான்: வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் இடையே, கழிக்கப்படவேண்டிய பரப்பாக. அங்கு வாழ்ந்தோரின் பெயரோ எண்ணிக்கையோ இல்லை. அந்நிலத்தின் அளவு மட்டும் உண்டு.

அதே சுவரிலே பெயரோடு குறிக்கப்பட்டோரும் உளர். பிற ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தவர்கள், எத்தெருவில் எத்தனையாம் வீட்டில் இருத்தப்பட்டார்கள் என்பவற்றோடு வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். இப்பட்டியலைப் படித்துச் சோழர் கலையார்வத்தை வியந்தோர் பலர். தோட்டத்திலே வளர்ந்தவர் படித்தால் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பெயர், வந்த ஊர், லயம், அறை எண், கூலி. பிரட்டுக்களத்திலே கணக்கப்பிள்ளை கூப்பிடும் பெயர்ப்பட்டியலை ஒத்த ஆவணம் இது. இரண்டும் ஒன்றென நான் கூறவரவில்லை. கோயிற் பெண்டிர்க்குப் பங்கும் மதிப்பும் இருந்தன. சிலர் தாமே கொடை வழங்கும் அளவுக்கு வளமுற்றிருந்தனர் என்பதைப் பிற கல்வெட்டுகள் காட்டும். ஆனால் மனிதரைத் தமக்குரிய கருவியாகக் கருதி எழுதிவைக்கும் கை, காலம் மாறினும் ஒரே விதமாகவே எழுதுகின்றது.

இது தமிழரசர்க்கு மட்டும் உரிய இயல்பு எனக் கொள்வது பெருந்தவறாகும். தஞ்சைக் கல்வெட்டுக்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்கு முன், நான்காம் மகிந்தன் மிகிந்தலை மலையிலே இரு பெருங் கற்பலகைகளை நாட்டினான். விகாரைப் பணியாளர் எவர், அவரவர்க்கு எவ்வளவு நிலம், எவ்வளவு அரிசி, தவறினால் என்ன தண்டனை என்பன அவற்றிலே வகுக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் லெஸ்லி குணவர்த்தன 1979இல் வெளியிட்ட 'துவராடையும் ஏரும்' எனப் பொருள்படும் பெயருடைய நூல், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை இலங்கைப் பௌத்த விகாரைகள் நிலப்பிரபுக்களாக விளங்கிய வரலாற்றை ஆதாரத்துடன் நிறுவுகின்றது. காவிரிக்கரையிலே சிவபெருமான் பேரால் நடந்ததும் மல்வத்து ஓயாக் கரையிலே புத்தபகவான் பேரால் நடந்ததும் அடிப்படையில் ஒன்றே: உழுதவனிடமிருந்து உபரி நெல் புனிதமான வாயில் ஒன்றின் வழியே உள்ளே சென்றது.

தொலைவிலுள்ள தஞ்சைக்கோ மிகிந்தலைக்கோ போகாமலே ஊவா மாகாணத்து ஆசிரியர் காட்டக்கூடிய கல்லொன்றும் உண்டு. மடுல்சீமையின் உயரங்களுக்கு வடக்கே தாழ்ந்து செல்லும் பிந்தென்னைப் பகுதியில், மகியங்கனைக்கு அருகே உள்ள சொரபொரக் குளத்துப் பக்கத்திலே கண்டெடுக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட தூண் கல்வெட்டு அது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி ஆண்ட உதயன் என்னும் மன்னன் காலத்தது; பரணவிதான பதிப்பித்தது. மன்னன் மகியங்கனை விகாரையைத் தரிசிக்க வந்தபோது, ஹோபிட்டிகமு என்ற சந்தைக் கிராமத்து வணிகரும் குடிகளும் அவன்முன் முறையிட்டனர். முன்னைய அரசர் வகுத்த விதிகளை மீறி அதிகாரிகள் பணம் பறிக்கின்றனர் என்பது முறைப்பாடு. அதனைக் கேட்டு விதிகள் புதுப்பிக்கப்பட்டுக் கல்லில் வெட்டப்பட்டன. சந்தையில் விற்காது ஊடே செல்லும் பொருளுக்குச் சுங்கம் அறவிடலாகாது. முத்திரையிடாத அளவைகளால் அளக்கலாகாது. போயா நாளிலே கடை திறக்கலாகாது, திறந்தால் தண்டமாக விகாரை விளக்குக்கு எண்ணெய் கொடுக்கவேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணிலே சாதாரண மனிதர் அதிகாரியை எதிர்த்து முறையிட்டு வென்றனர் என்பதற்குச் சான்றாக இத்தூண் நிற்கின்றது. அதனை நான் குறைத்து மதிப்பிடேன். பதுளைக்குப் போகும் மாணவர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டிய கல் அது. எனினும் எவருடைய முறைப்பாடு கல்லிலே ஏறிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசன் வருகையை முன்கூட்டி அறிந்து, ஒன்றுகூடி, அவன்முன் சென்று நிற்கக்கூடியவர்களின் முறைப்பாடு அது. அச்சந்தைக்கு மூட்டை சுமந்தவன், வண்டியோட்டி, விகாரை வயலில் நட்டவள் ஆகியோர்க்கும் முறைப்பாடு இருந்திருக்கும். அதற்குத் தூண் கிடைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடிய தோட்டத் தொழிலாளி குற்றவாளியாகச் சிறைக்குப் போனான். சிறைக் கணக்கிலே பதிந்தது அவனது குற்றமே. அவன் ஏன் ஓடினான் என்பது எந்தக் கந்தோரின் ஏட்டிலும் அவனுடைய சொல்லாக ஏறவில்லை.

ஏன் வந்தான் என்பதோ தெரிந்த செய்திதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திலே திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணியின் பின்னே திரள்திரளாகக் கடல் கடந்தனர். அதே தமிழ்நாட்டில், 1201ஆம் ஆண்டிலே, விலையேற்றமும் பஞ்சமும் வந்தபோது, வெள்ளாளன் ஒருவன் தன் இரு பெண்மக்களோடு நூற்றுப்பத்துக் காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தன்னை விற்றுக்கொண்டான் என ஒரு கல்வெட்டுக் கூறுகின்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலம் அது. மெய்க்கீர்த்திகள் முழங்கிக்கொண்டிருந்த காலம். மெய்க்கீர்த்தியை நாம் மனப்பாடம் செய்விக்கின்றோம். தந்தையும் இரு மகளிரும் கோயில் வாயிலில் நின்ற அந்த நாளை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. மடுல்சீமை லயத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டினுள் எது உறவு?

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலியதும்கூட. "எல்லாம் பறிக்கப்பட்ட மக்களிடமிருந்து இராசராசனையும் பறிக்கின்றீரா? பெருமிதமும் ஓர் உணவல்லவா? பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருப்போர்க்குப் பெருமிதத்தைப் பகுத்தாராய்வது எளிது. 'தோட்டக்காட்டான்' என்று பேருந்திலே ஏசப்படுபவனுக்கு அஃது எளிதா?" இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. இழிவுபடுத்தப்பட்டவன் பெருமிதத்தைத் தேடுவதிலே பிழையில்லை. ஆனால் சோழப் பெருமிதத்துக்கு ஒரு விலையுண்டு. அதைச் செலுத்துபவர் தஞ்சாவூரில் இல்லை, பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இருக்கின்றார்.

சோழர் 993ஆம் ஆண்டளவில் இலங்கை மீது படையெடுத்தனர். பொலன்னறுவையைச் சனநாதமங்கலமாக்கினர். 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தனர். விகாரைகளின் தாதுகர்ப்பங்களை உடைத்துச் செல்வத்தை வாரிச் சென்றனர் எனச் சூளவம்சம் குற்றஞ்சாட்டுகின்றது. 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினான். இப்போரிலே வென்றவனை 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும் கணத்திலேயே, அப்போரின் கொள்ளையையும் 'நாம்' செய்ததாக ஒப்புக்கொள்ளுகின்றோம். எதிர்ப்புறத்து இனவாதி அதற்காகவே காத்திருக்கின்றான். மலையகத் தமிழன் அந்நியன், ஆக்கிரமிப்பாளனின் எச்சம் என்ற அவனுடைய கூற்றுக்கும், மலையகத் தமிழன் இராசராசனின் வாரிசு என்ற நமது கூற்றுக்கும் வரலாற்றுப் பார்வையிலே வேறுபாடு இல்லை. ஒரே படம், மாட்டும் சுவர்தான் வேறு. வாளோடு வந்தவனையும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க வந்தவனையும் ஒருவனாக்கும் அப்படத்தை நாமே வரைந்து கொடுக்கலாமா? 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்கள், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, எஞ்சியோர் பற்றிப் பின்னர் பேசலாம் என்று நெல் அளப்பதுபோல் மனிதரைப் பங்கிட்டபோது, எவரும் அவர்களை இராசராசனின் வாரிசுகளாக மதித்துப் பங்கிடவில்லை. குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று ஈழத்து ஊர்கள் சிலவற்றையும் குறிப்பிடுகின்றது. கொட்டியாரப் பகுதி அதிலே வருகின்றது. அவ்வூர்கள் ஆண்டுதோறும் நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் தஞ்சைக் கோயிலுக்கு அனுப்பவேண்டும். அந்த இலுப்பை வித்தைப் பொறுக்கி ஆட்டியவர்கள் தமிழரா, சிங்களவரா? கல் கூறவில்லை, கூறவேண்டிய தேவை அதற்கில்லை. கடல் கடந்து செல்லும் பொருளே அதற்கு முக்கியம். இலண்டன் ஏலச் சந்தைக்குத் தேயிலைப் பெட்டிகள் போன காலத்தின் கப்பற் கணக்குகளும் இப்படியேதான் எழுதப்பட்டன. பிரித்தானியர் 1818இல் ஊவாக் கிளர்ச்சியை நசுக்கி, 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டத்தால் கிராமத்தவரின் சேனைக் காடுகளை அரசுக்குரியதாக்கினர். அவ்வாறு இழக்கப்பட்ட நிலத்திலே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்களே தோட்டத் தமிழர். பறிக்கப்பட்டவனும் கொண்டுவரப்பட்டவனும் அயலவராயினர். இருவரும் தத்தம் அரசரின் புகழைப் பாடிக்கொண்டிருக்கும்வரை, தம்மிருவருக்கும் நேர்ந்தது ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பதைக் காணப்போவதில்லை.

பத்தாம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்போரும் உளர். அவர்கள் நந்தன் கதையை மறந்துவிடுகின்றனர். சுந்தரர் தம் தொண்டர் பட்டியலிலே ஒரே ஒரு பெயராகக் குறித்த திருநாளைப்போவாரை, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் ஆதனூர்ப் புலைச்சேரியில் வைத்து விரித்துரைத்தார். கோயிற் பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் கோயிலினுள்ளே புகமுடியாமல் வெளியே நின்றான். தில்லையிலே தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே சென்றான். சோழ அமைச்சராகவும் விளங்கிய பெரும் புலவர், அரசவையின் ஆதரவோடு பாடிய நூலிலேயே இக்கதை இப்படி இடம்பெறுகின்றது. தீ என்ற ஒரு வழியன்றி வேறு வழியை அச்சமூகத்தாற் கற்பனை செய்ய இயலவில்லை என்பது உண்மை; ஆயினும் அங்கே ஏதோ ஒன்று நேராக இல்லை என்ற உறுத்தல் சேக்கிழாரிடத்தே இருந்தது. ஆகவே அநீதியை அநீதியென உணர்வது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. அடியோரின் உறுத்தலை அக்காலத்துப் பெரியோரே கேட்டிருக்க, நாம் கேளாதிருப்பதற்குக் காலத்தைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. இதையும் கூறவேண்டும்: லயங்களிலும் சாதி வாழ்ந்தது. பெரிய கங்காணியின் சாதிக்கு ஒரு லயம், மற்றவர்க்கு வேறு லயம் என்று பிரித்துக் குடியேற்றிய தோட்டங்கள் இருந்தன. நந்தனை முன்னோனாகக் கொள்வதென்றால், அவனை வெளியே நிறுத்தியவர்களும் நமது லயத்திலே இருந்தனர் என்பதையும் சேர்த்தே கொள்ளவேண்டும். இராசராசனைக் கொள்வது அதைவிட வசதியானது என்பதில் ஐயமில்லை.

கல்லிலே பேச இடமற்றவர்கள் எக்காலத்தும் பேசாமலே இருந்துவிடவில்லை. நாம் ஆராயும் காலத்துக்குச் சற்றுப் பின்னதாயினும் ஒரு சான்றைக் காட்டாமல் விட மனமில்லை. 1429ஆம் ஆண்டு, விசயநகர ஆட்சியிலே, காவிரிப் பகுதியின் கொறுக்கை முதலிய ஊர்களிலே சில கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அவற்றை வெட்டுவித்தவர் அரசரல்லர், வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டுமான சாதியார். ஒருவரோடொருவர் பகைத்து நின்ற இவ்விரு பிரிவினரும் கூடி, விளைவைப் பாராது அநியாயமாக வரி தண்டும் அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளருக்கும் இனி இன்னின்ன அளவுக்குமேற் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, அவ்வளவுகளைப் பொறித்து வைத்தனர். ஊரைவிட்டு ஓடிப்போகவே முதலில் நினைத்தார்கள் என்பதையும், மண்டலத்தார் யாவரும் ஒன்றுபட்டு நில்லாமையாலேயே தமக்கு இவ்வநியாயம் நேர்ந்ததென்று பின்னர் உணர்ந்தார்கள் என்பதையும் அக்கல்லிலே அவர்களே கூறியிருக்கின்றார்கள்.